உங்கள் காப்பியைக் குடியுங்கள்

அம்மான்,
அக்டோபர் 4

அண்ணன் ஃபவ்வாஸுக்கு, ஜவாஹிரின் ஸலாம்.

பாசம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. இங்கே என் கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மாள், "தினம் ஒரு பக்கம் வலது கையால எழுதணும். யாருக்காவது கடிதமா எழுதுங்க, அப்பத்தான் பாதியில விடமாட்டீங்க" என்று சொல்லிவிட்டாள். யாருக்கு எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்குக் கோபம் இருக்கிற ஆள் நீ ஒருத்தன்தான். கோபம் இருந்தால் பக்கம் தானாக நிறையும். அதனால் உனக்கு வாய்த்தது.

போன் பண்ணாதே, எடுக்கமாட்டேன். நீ கத்துவாய், நான் அழுவேன், கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். முப்பத்தாறு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

சொல்லாமல் கரக்கை விட்டு அம்மான் நகரத்துக்கு வந்தது தப்புதான். என்னோடு படித்த ஸமர் ஞாபகம் இருக்கிறதா, நர்ஸாக இருக்கிறாளே, அவளுடைய அறையில் இருக்கிறேன். நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

நான் ஏன் வந்தேன் என்று ஊரில் நீ என்ன கதை சொல்லிவைத்திருக்கிறாயோ தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன். ஜூலையில் பக்கத்துத் தெரு முஃப்லிஹ், தம்பி கல்யாணத்தில் சந்தோஷம் தாங்காமல் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டான். நான் உள்ளே மணப்பெண்ணுக்குக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வானத்துக்குப் போகவேண்டிய குண்டு ஜன்னல் வழியாக என் வலது தோளுக்கு வந்தது. ஒன்பதாம் நாள், நான் ஆஸ்பத்திரியில் தோளில் குழாயோடு கிடக்கும்போது, அவர்களுக்காகச் சமாதானம் பேச ஊர்ப் பெரியவர்களின் ஜாஹா நம் வீட்டுக்கு வந்தது. ஷேக் அபூ தலால் கோப்பையைத் தொடாமல் கீழே வைத்து, "கேட்டது கிடைச்சாத்தான் குடிப்போம்" என்றார். நீ எழுந்து நின்று, "உங்கள் காப்பியைக் குடியுங்கள்" என்றாய். அவ்வளவுதான். என் தோளை மன்னித்தாகிவிட்டது. என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

கை வலிக்கிறது, விஷயத்துக்கு வருகிறேன். என் அலமாரியில் எக்ஸ்ரே படமும் ஆஸ்பத்திரிச் சீட்டும் இருக்கும். பஸ் டிரைவர் அபூ நிஜ்ம் கையில் கொடுத்துவிடு. எதற்கு என்று கேட்காதே.

மதினி ஹனூஃபுக்கும் பிள்ளைகளுக்கும் ஆயிரம் ஸலாம். உனக்கு மேலே சொன்ன ஒன்று போதும்.

ஜவாஹிர்


கரக்,
அக்டோபர் 9

என் கண்ணான தங்கை ஜவாஹிருக்கு, அண்ணன் எழுதுவது. நீ கஞ்சத்தனம் பண்ணியதையும் சேர்த்து இரண்டாயிரம் ஸலாம்.

உன் எழுத்தைப் பார்த்து முதலில் சிரித்தேன், கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று. அப்புறம் நம் தீவனக் கடையில் மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அழவில்லை. தவிடு கண்ணில் பட்டது.

உன்னைக் கேட்கவில்லை என்கிறாய். நீ அன்றைக்கு என் இடத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும் அம்மா. வாசலில் போட்ட கூடாரத்தில் நூற்றைம்பது பேர், ஜூலை வெயில். எண்பது வயது ஷேக் தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். நான் என்ன சும்மாவா கொடுத்தேன்? வழக்கப்படி முதலில் ஒரு பெரிய தொகை சொன்னேன். கூட்டமே மூச்சை இழுத்துக்கொண்டது. பிறகு அல்லாஹ்வுக்காக இவ்வளவு விட்டேன் என்றேன், நபிக்காக இவ்வளவு, அரசருக்காக இவ்வளவு, வந்த பெரியவர்களின் வெள்ளைத் தாடிக்காக இவ்வளவு என்று குறைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒன்றும் மிச்சமில்லை. "வாழ்க உன் குடும்பம்!" என்று கூடாரமே அதிர்ந்தது. அப்பா இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்.

முஃப்லிஹ் என்ன எதிரியா? நம் வீட்டு அத்தி மரத்திலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட பயல்தானே. வேண்டுமென்றா சுட்டான்?

எக்ஸ்ரே அலமாரியில் இல்லை. உன் பியூட்டி பார்லரில் இருக்கும், ஹனூஃபிடம் சாவி இருக்கிறது, பார்க்கிறேன். புது ஆலிவ் ஒரு ஜாடியும் உலர்ந்த தயிர் உருண்டைகளும் அனுப்புகிறேன். "பஸ்ஸு முழுக்க ஆட்டு வாடை அடிக்குது, பயணிங்க என்னை அடிக்கப் போறாங்க" என்று அபூ நிஜ்ம் புலம்பினான். கண்டுகொள்ளாதே.

ஊரில் நீ சிகிச்சைக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். வழக்கு கிழக்கு என்று எதிலும் இறங்கிவிடாதே. சொல் கொடுத்தாயிற்று. அதன்மேல்தான் நான் தெருவில் நடக்கிறேன்.

உன் அண்ணன்,
ஃபவ்வாஸ்


அம்மான்,
அக்டோபர் 21

அண்ணனுக்கு, ஸலாம்.

ஆலிவ் வந்தது. நன்றி. ஸமர் ஜாடியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள்.

அத்தனை பேருக்கும் பங்கு வைத்தாயே, எனக்கு ஒரு பங்கு வைக்கத் தோன்றவில்லையா? குர்பானி இறைச்சியைக்கூட மூன்று பங்கு வைத்தால் ஒரு பங்கு வீட்டுக்கு நிற்கும். நீ என் தோளை ஊர் முழுக்கப் பரிமாறிவிட்டுச் சட்டியைக் கவிழ்த்துவிட்டாய்.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். உனக்குத் தெரியாமல் செய்தேன் என்ற பேச்சு வேண்டாம்.

இங்கே வந்த புதிதில், உதவி எங்கே கிடைக்கும் என்று இரண்டு வாரம் அலைந்தேன். ஓர் அலுவலகத்தில், "கை சம்பந்தமாவா? மூணாவது மாடி" என்றார்கள். மூணாவது மாடியில் ஒருத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கை இருக்கே! முழுசாப் போனவங்களுக்குத்தான் இங்க" என்றார். மன்னிக்கணும், அடுத்த தடவை கையைக் கழட்டிட்டு வர்றேன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். இன்னோர் இடத்தில் விண்ணப்பத் தாள் தீர்ந்துபோயிருந்தது. இன்னோர் இடத்தில் தாள் இருந்தது, ஆள் இல்லை. கடைசியில் நீதிமன்ற வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரர்தான் காப்பாற்றினார். என் காகிதங்களை நகல் எடுத்துக்கொண்டே படித்துவிட்டார், வெட்கமே இல்லாமல். "ஏம்மா, உங்க கேஸுல ஜாஹா வந்துச்சா?" என்றார். வந்தது என்றேன். "அப்ப அந்தச் செருப்புக் கடைக்கு மேல போங்க. காசு வாங்கமாட்டாங்க. இந்த மாதிரி கேஸு அவங்களுக்கு அத்துப்படி" என்றார்.

போனேன். குற்றத்தில் அடிபட்டவர்களுக்கு உதவுகிற மையம் அது. வக்கீல், டாக்டர், பேசி மனசைத் தேற்றுகிற ஆள், எல்லாம் ஒரே மாடியில். கைப் பயிற்சி அம்மாளும் அங்கேதான். என்னைப் பார்த்த அன்றே சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்கள், வழக்கைப் பிறகு பார்க்கலாம் என்று. வக்கீல் பேர் லுப்னா. வெடுக்வெடுக்கென்று பேசுவாள். உன்னை அவளிடம் ஒருநாள் விட்டுப் பார்க்க ஆசை.

"குடிக்கச் சொன்னது யாரு?"

"எங்க அண்ணன்."

"தோள் யாருது?"

"என்னுது."

"அப்ப உங்க அண்ணன் அவரோட தோளைத்தான் மன்னிச்சிருக்காரு. உங்களுது இன்னும் உங்ககிட்டதான் இருக்கு."

அண்ணா, மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அவள் சொன்னது இதுதான். கல்யாணத்தில் சுட்டதற்கான வழக்கு அரசாங்கத்துடையது, அது எப்படியும் நடக்கும். அதே வழக்கில் அடிபட்டவளாக நான் என் உரிமையைக் கேட்கலாம், சிகிச்சைக்கும், போன வேலைக்கும். ஆனால் கோப்பில் ஒரு தாள் இருக்கிறது. "காயம்பட்டவரின் உரிமையைக் குடும்பத்தின் சார்பில் விட்டுக்கொடுக்கிறோம்" என்று. கீழே உன் கையெழுத்து. எனக்கு அடையாளம் தெரியாதா?

என் சார்பில் கையெழுத்துப் போட உனக்கு அதிகாரம் இல்லை என்பதால் அந்தத் தாளுக்குப் பலம் குறைவாம். ஆனால் எதிர்த்தரப்பு, "தங்கச்சி சம்மதிச்சுத்தான் அண்ணன் போட்டார்" என்று சொன்னால் இழுத்துக்கொண்டே போகும். நீ வந்து, "அவளைக் கேட்காமல் போட்டேன்" என்று ஒரு வரி சொன்னால் தாள் செத்துவிடும்.

அவசரம் ஏன் என்றால், நரம்புக்கு ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது. அடிபட்டு ஆறு மாதத்துக்குள், ஜனவரிக்குள் செய்தால் கை தூக்க வாய்ப்பு இருக்கிறது, தாமதித்தால் இப்படியே நின்றுவிடும் என்கிறார் டாக்டர். மையத்தின் உதவி நிதியிலிருந்து அதற்குக் கொடுப்பார்கள். ஆனால் விட்டுக்கொடுத்ததாகத் தாள் இருக்கிறவரை கொடுக்கமுடியாது, தீர்ந்துபோன விஷயம் என்று அர்த்தமாம்.

டிசம்பர் 3-ஆம் தேதி விசாரணை. வருவாயா?

ஜவாஹிர்


கரக்,
அக்டோபர் 28

ஜவாஹிர்,

வரமாட்டேன்.

நூற்றைம்பது ஆண்கள் முன்னால் சொன்ன சொல்லை நீதிபதி முன்னால் போய் விழுங்கச் சொல்கிறாய். நாளைக்கு எந்த ஜாஹாவில் என்னை உட்காரவைப்பார்கள்? என் மகள்களை யார் வந்து கேட்பார்கள்? அறுவை சிகிச்சைக்கு வேண்டுமென்றால் கடையை விற்கிறேன். ஆட்டை விற்கிறேன். என்னை விற்கச் சொல்லாதே.

அந்தத் தாள் என்ன என்றே எனக்குத் தெரியாது. கூடாரத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போது யாரோ நீட்டினார்கள், போட்டேன். கண்ணாடிகூடப் போட்டிருக்கவில்லை. வந்தவர்கள் பெயர்ப் பட்டியல் என்று நினைத்தேன். வல்லாஹி, பொய் இல்லை.

எக்ஸ்ரே தேட உன் பார்லரைத் திறந்தேன். இத்தனை வருஷத்தில் உள்ளே நான் போனதே இல்லை, பெண்கள் இடம் என்று வாசலோடு நின்றுவிடுவேன். சுவர் முழுக்க மணப்பெண்கள். இந்த ஊர்ப் பாதிப் பெண்களுக்கு நீதான் தலை வாரியிருக்கிறாய் போல. மேசையில் உன் நோட்டு இருந்தது. திறந்தேன், மன்னித்துக்கொள். ஜூலைக்குப் பிறகு நவம்பர் வரைக்கும் பெயர் பெயராக எழுதி, ஒவ்வொன்றையும் அடித்திருக்கிறாய். கோணல் கோணலான கோடு. இடது கையால் அடித்தாய் போலிருக்கிறது. எத்தனை என்று எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

எக்ஸ்ரே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு எலும்பு பார்க்கத் தெரியாது. உப்புத் தூவின மாதிரி சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. அதெல்லாம் குண்டா?

இதோடு அனுப்புகிறேன். ஹனூஃப் பத்து நாளாக என்னோடு பேசவில்லை. சாப்பாடு வருகிறது, பேச்சு வரவில்லை. நீதான் ஏதோ எழுதியிருக்கிறாய்.

ஆனாலும் வரமாட்டேன்.

ஃபவ்வாஸ்


அம்மான்,
நவம்பர் 10

அண்ணனுக்கு, ஸலாம்.

மதினிக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. அவளுக்குத் தோள் இல்லையா, அவளாகப் புரிந்துகொண்டிருப்பாள்.

ஆமாம், அதெல்லாம் குண்டுதான். எடுக்கமுடியாத துகள்கள்.

உன்னைக் கெஞ்சப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இங்கே செவ்வாய்க்கிழமைதோறும் எங்களை வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். ஆறு பெண்கள், ஒரே ஓர் ஆண், கேஸ் சிலிண்டர் விற்கிறவர், வழிப்பறியில் கத்திக்குத்து வாங்கியவர். மூன்று வாரம் வாயே திறக்காமல் டீயை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். நாலாவது வாரம், "இப்பல்லாம் யாராவது பின்னால நடந்தா எனக்கு மூத்திரம் முட்டுது" என்றார். எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார், அப்புறம் எல்லாரும் அழுதோம். அவமானமாகவே இல்லை. உனக்குச் சொன்னால் புரியாது, இருந்தாலும் சொல்கிறேன்.

என் முறை வந்தது. குண்டு பட்டதைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கு வாயில் வந்தது வேறு. ஜாஹா வந்த மறுநாள் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தபோது, சமையலறைத் தொட்டியில் ஜாஹாவுக்குக் காப்பி கொடுத்த கோப்பைகள் கழுவாமல் குவிந்துகிடந்தன. மதினி காய்ச்சலில் படுத்திருந்தாள். நீங்கள் எல்லாரும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, அந்த நாள் எவ்வளவு கௌரவமாக முடிந்தது என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாகக் கழுவினேன் அண்ணா. வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொண்டு. என் உரிமையை யார் யார் குடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எத்தனை கோப்பை என்று தெரியும். முப்பத்தெட்டு. ஒன்று கைநழுவி உடைந்தது. நீ கூடத்திலிருந்து, "பாத்து!" என்று சத்தம் போட்டாய்.

குண்டைவிட அதுதான் வலித்தது. முஃப்லிஹ் என்னைப் பார்க்காமல் சுட்டான். நீ என்னைப் பார்த்துக்கொண்டே மறந்துவிட்டாய்.

கடையை விற்காதே. ஆட்டையும் விற்காதே. உன் பணம் எனக்கு வேண்டாம். என்னை அடித்தவன் எனக்குத் தரவேண்டியதை நான் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் 3-ஆம் தேதி நான் போவேன்.

ஜவாஹிர்


கரக்,
நவம்பர் 26

என் தங்கை ஜவாஹிருக்கு,

உன் கடிதத்தை வாங்கிப் பத்து நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சலவையில் போட்டு ஹனூஃப் திட்டினாள். அவள் பேசிய முதல் வார்த்தை அது. சந்தோஷமாக இருந்தது.

அந்த "பாத்து!" எனக்கு ஞாபகம் இருக்கிறது. கோப்பைக்காகத்தான் சத்தம் போட்டேன். அதை இப்போது எழுதும்போது கூசுகிறது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நேராக முஃப்லிஹ் வீட்டுக் கூடத்துக்குப் போனேன். தனியாக. அவன் அப்பா, சித்தப்பாமார், ஷேக் அபூ தலாலும் இருந்தார். "வாங்க வாங்க, உங்க வீடு" என்றார்கள். முஃப்லிஹ்தான் காப்பி ஊற்றிக் கொடுத்தான். நான் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "ஒரு கோரிக்கை இருக்கு. கிடைச்சாத்தான் குடிப்பேன்" என்றேன்.

சிரித்தார்கள். ஒற்றை ஆள் ஜாஹாவை யார் பார்த்திருக்கிறார்கள்? "என்ன, பொண்ணு கேட்டு வந்தியா? இந்த வயசுலயா? ஹனூஃபுக்குத் தெரியுமா?" என்று சித்தப்பா கிண்டல் செய்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து அடங்கினார்கள்.

சொன்னேன். "அன்னைக்கு நான் குடிக்கச் சொன்ன காப்பி என் வீட்டுக் காப்பிதான். ஆனா மன்னிப்பு என்னுது இல்ல. அது என் தங்கச்சியோடது. அவகிட்டக் கேக்காம எடுத்து உங்களுக்குக் கொடுத்துட்டேன். அதைத் திருப்பிக் கேட்டு வந்திருக்கேன்."

முஃப்லிஹின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "கொடுத்த சொல்லைத் திருப்பி வாங்குற ஆம்பளைய இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

"நானும் இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த வாய். உன்னிடமிருந்து தொற்றியிருக்கும்.

ஷேக் என் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். முஃப்லிஹ் வாசல்வரை பின்னால் வந்தான்.

இப்போது பாதித் தெரு என் ஸலாமுக்குப் பதில் சொல்வதில்லை. கடைக்கு வருகிற கூட்டம் குறைந்திருக்கிறது. ஆடுகள் மட்டும் பழையபடி மரியாதையாக இருக்கின்றன. ராத்திரி தூக்கம் வருகிறது, அதைத்தான் நம்பமுடியவில்லை.

3-ஆம் தேதி வருகிறேன். கண்ணாடியையும் எடுத்துவருவேன். எதில் கையெழுத்துப் போடுகிறேன் என்று படித்துவிட்டுப் போடுவேன்.

ஃபவ்வாஸ்


அம்மான்,
டிசம்பர் 6

அண்ணாவுக்கு,

நீ பஸ் பிடித்துப் போன பிறகு இரண்டு நாள் எழுதமுடியவில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது.

நீதிமன்றத்தில் உன்னைப் பார்த்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டு, தலையில் புதுத் துணி, மூக்கில் கண்ணாடி. நீதிபதி, "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டதும், "கையெழுத்து என்னுது ஐயா, உரிமை அவளுது. அவளை நான் கேக்கல. கேக்கணும்னே தோணல" என்றாய். அந்தக் கடைசி வார்த்தையை யாரும் உன்னைக் கேட்கவில்லை. நீயாகச் சொன்னாய். லுப்னா என் காதில், "இவரையா திட்டிட்டு இருந்தீங்க?" என்றாள். இவரைத்தான் என்றேன்.

தாள் செத்தது. என் கோரிக்கையை ஏற்றுக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். மருத்துவக் குழு தோளைப் பார்த்துச் சொல்லவேண்டும், அதன் பிறகு எவ்வளவு என்று தீர்மானிப்பார்கள். வருஷம் ஓடலாம் என்கிறாள் லுப்னா. ஓடட்டும். ஆனால் உதவி நிதியிலிருந்து அறுவை சிகிச்சைக்கு நேற்றே அனுமதி வந்துவிட்டது. ஜனவரி 15.

இனி மற்றது. நீ நாலு மாடி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாய். நான் காப்பி வைத்தேன். நீ வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாய். என்ன கேட்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. நீயும் வாய் திறந்து கேட்கவில்லை, நானும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அரை மணி நேரம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினோம். நீ போய்விட்டாய். காப்பி அப்படியே ஆறியிருந்தது.

சொல்லக்கூடாது என்று இல்லை அண்ணா. எனக்கு வரவில்லை. நீ அன்றைக்கு அவசரமாகச் சொன்னாய், நான் அவசரப்படமாட்டேன். உண்மையிலேயே வரும்போது சொல்வேன். அதுவரை பொறுத்துக்கொள்.

ஜவாஹிர்


கரக்,
டிசம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

பொறுத்துக்கொள்கிறேன். கோப்பையைக் கீழே வைத்தவன் காத்திருக்கத்தான் வேண்டும். வராமலே போனாலும் அது உன் உரிமை. இந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாற்பத்தாறு வயது ஆகவேண்டியிருந்தது.

முஃப்லிஹின் அம்மா ஹனூஃபைத் தேடி வந்தாள். "நாங்க யாருகிட்ட வந்து கேக்கணும்?" என்றாள். ஷேக் அனுப்பியிருக்கிறார் போல. ஹனூஃப் என்னைப் பார்த்தாள். "விலாசம் என்கிட்ட இருக்கு, அனுமதி இல்ல. அவகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். இதோ கேட்கிறேன். வரலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம். யாரும் உன்னை வற்புறுத்தமாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பார்லரை ஹனூஃபும் பெண்களும் தூசி தட்டினார்கள். மூத்தவள் உன் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே இருந்தாள், இறங்கமாட்டேன் என்று ஒரே அடம்.

ஃபவ்வாஸ்


அம்மான்,
ஜனவரி 14

என் அண்ணா ஃபவ்வாஸுக்கு, உன் தங்கையின் ஆயிரம் ஸலாம். இந்தத் தடவை எண்ணிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன்.

நாளைக் காலையில் அறுவை சிகிச்சை. அதன் பிறகு ஆறு வாரம் இந்தக் கை கட்டுப்போட்டு இருக்கும், எழுதமுடியாது. அதனால் எல்லாவற்றையும் இன்றைக்கே சொல்லிவிடவேண்டும். மூன்று மணி பஸ்ஸுக்கு அபூ நிஜ்ம் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான்.

நான் வரச்சொல்லியனுப்பியபடி அவர்கள் வந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை. ஷேக், முஃப்லிஹ், அவன் பெற்றோர். அந்த வயதில் ஷேக் நாலு மாடி ஏறியதைப் பார்த்து ஸமர் இரத்த அழுத்தக் கருவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் வலது கையால்தான் காப்பி ஊற்றினேன். பாதி தட்டுக்குப் போனது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்றுதான் ஊற்றினேன். ஷேக் கோப்பையைக் கீழே வைத்து, "பெண்ணே, அன்னைக்குத் தப்பான வாசல்ல நின்னு கேட்டுட்டோம். இன்னைக்குச் சரியான வாசலுக்கு வந்திருக்கோம்" என்றார்.

முஃப்லிஹ் அழுதான். முப்பது வயது ஆள், அத்தி மரத்திலிருந்து விழுந்த அன்றைக்கு அழுத மாதிரியே. "நான் உள்ள ஓடிவந்தப்ப உங்க கையிலிருந்து கொண்டை ஊசி விழுந்த சத்தம் தினமும் கேக்குது அக்கா" என்றான். எனக்கு அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அப்போதே போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். அதனால் நான் சொன்னேன்: "வந்ததுக்கு நன்றி. வழக்கு நடக்கும். நீதிபதி எவ்வளவு சொல்றாரோ அதைக் கொடுங்க. நம்ம ஊர்ல அடுத்து வர்ற ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முஃப்லிஹ் போய், வாசல்லயே நின்னு, துப்பாக்கி எடுத்துட்டு வர்றவங்ககிட்ட என் தோளைப் பத்திச் சொல்லட்டும். அதெல்லாம் நடந்த பிறகு காப்பியைப் பத்திப் பேசலாம்."

முஃப்லிஹின் அப்பா வாயைத் திறந்தார். ஷேக் தடியால் அவர் காலைத் தட்டினார். "நியாயம்" என்றார். குடிக்காமல் எழுந்தார்கள். நான்கு கோப்பைகளையும் நானே கழுவினேன், இரண்டு கையாலும். ஒன்றும் உடையவில்லை.

இன்னொரு சேதி. மையத்தில் என்னைச் செவ்வாய்க்கிழமைகளில் வாசல் மேசையில் உட்காரச் சொல்கிறார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு எந்த அலுவலகம் முதலில், எந்தத் தாள் எங்கே என்று சொல்ல. கட்டுப் பிரித்த பிறகு மூன்று மாதம் செய்வேன். மே மாதம் கரக். நோட்டில் அடித்த பெயர்களில் இன்னும் கல்யாணம் ஆகாமல் யாராவது மிச்சமிருந்தால் காத்திருக்கச் சொல்லு.

அவர்கள் போன பிறகு ஒரே யோசனையாக இருந்தது. அவர்களிடம் பேசும்போது எனக்குக் குரல் நடுங்கவில்லை. ஏன் என்று பார்த்தால், நீ ஏற்கனவே அவர்கள் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, கோப்பையைக் கீழே வைத்து, இந்தப் பேச்சை அவர்களுக்குப் பழக்கிவிட்டிருக்கிறாய். உனக்கு அந்த ஊரைத் தவிர வேறு ஊர் கிடையாது. அப்படியிருந்தும் செய்தாய்.

இன்றைக்குக் காலையில் காப்பி போடும்போது, ஏலக்காயைத் தட்டிக்கொண்டே உன்னை நினைத்தேன். கோபம் எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. அடுப்பை அணைக்கக்கூட மறந்து நின்றேன்.

இந்தக் கடிதத்தோடு அபூ நிஜ்ம் ஒரு ஃப்ளாஸ்க் தருவான். நானே ஊற்றியது, வலது கையால், இரண்டு கோப்பை அளவு மேசைக்குப் போனது போக மீதி. இரண்டு மணி நேர வழி, கொஞ்சம் ஆறியிருக்கும். ஃப்ளாஸ்க் ஸமருடையது, திரும்ப வேண்டும் என்கிறாள், அதனால் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நீயே கொண்டுவா. மதினியையும் கூட்டிக்கொண்டு வா.

உன் காப்பியைக் குடி, அண்ணா.

உன் தங்கை,
ஜவாஹிர்